தல்லாகுளத்தில் கேட்டவை

வைகைக்கு வடகரை

மதுரையைக் காண வருவோரில் பலர் வைகையின் தென்கரையோடு திரும்பிவிடுகின்றனர். மீனாட்சியம்மன் கோயில், மாசி வீதிகள், திருமலை நாயக்கர் மகால் ஆகிய யாவும் அங்கேயே அமைந்துவிட்டதால், ஆற்றைக் கடக்கும் அவசியம் அவர்களுக்கு நேர்வதில்லை. ஆல்பர்ட் விக்டர் பாலத்தின் வழியே வடகரை ஏறி, கோரிப்பாளையம் தர்காவைத் தாண்டிச் சற்று நடப்பவர்களுக்கே தல்லாகுளம் தன்னைக் காட்டுகிறது.

இராணி மங்கம்மாளின் அரண்மனை இங்கே, 1959 முதல் காந்தி நினைவு அருங்காட்சியகமாகத் திகழ்கிறது. அருகே தமுக்கம் மைதானம். அதன் முகப்பில், 1981-ல் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாட்டின்போது எழுந்த தமிழன்னை சிலை. சித்திரைத் திருவிழாவில் அழகர் மலையிலிருந்து புறப்பட்டு வரும் கள்ளழகர், ஆற்றில் இறங்குவதற்கு முன் தங்கி, ஆண்டாள் சூடிய மாலையை ஏற்பது இவ்வூர்ப் பெருமாள் கோயிலில்தான். அந்த இரவில் வேட்டுச் சத்தமும், கொட்டு முழக்கமும், பல்லாயிரம் தொண்டைகளின் கோவிந்த கோஷமும் ஒன்றாய்க் கலந்து எழுவதை நேரில் கேட்டவர் எவரும் மறந்திருக்க மாட்டார்.

இத்தகைய ஓசை நிறைந்த ஊருக்கு, ஓசையை இழந்தவர்களையும் அவர்களுக்கு அதை மீட்டுத் தரக் கற்றுக்கொண்டிருக்கும் இளைஞர்களையும் காணவே நாம் சென்ற ஆவணி மாதத்தில் போனோம். நம் பையில் ஒரு சிறிய டப்பா இருந்தது. அதைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும்.

டப்பாவின் கதை

நம் பெரியப்பா பள்ளிக்கூட வாத்தியாராய் இருந்து ஓய்வு பெற்றவர். எழுபது வயதுக்கு மேல் அவருக்குக் காது மந்தமாயிற்று. பேச்சுக்கு இடையே மறுமொழி மாறி வந்தது. பின்னர் மறுமொழியே குறைந்தது. பிள்ளைகள் கூடிப் பணம் சேர்த்து, ஒரு கடையில் காது கேட்கும் கருவி வாங்கித் தந்தார்கள். கடைக்காரர் அதைக் காதில் மாட்டி, "கேட்கிறதா?" என்று உரக்கக் கேட்டார். பெரியப்பா தலையாட்டினார். பத்தே நிமிடங்களில் எல்லாம் முடிந்தது.

இரண்டு மாதம் சென்றபின் கருவி டப்பாவுக்குள் போய்விட்டது. "இவ்வளவு பணம் போட்டு வாங்கியதை மாட்டிக்கொள்ள இவருக்கு என்ன வந்தது? பிடிவாதம்!" என்று வீட்டார் கடிந்தனர். நாமும் கடிந்தோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கடைசி ஐந்தாண்டுகளை ஏறக்குறைய மௌனத்திலேயே கழித்து இறந்துபோனார். டப்பா மட்டும் நம் வீட்டு அலமாரியில் தங்கியது. அதை வேறு யாருக்காவது பயன்படும்படி செய்ய இயலுமா என்று கேட்டறியும் எண்ணமும் இப்பயணத்துக்கு ஒரு காரணம்.

தல்லாகுளத்தின் ஒரு சந்தில், மாடியொன்றில் அமைந்திருந்தது அந்தச் செவித்திறன் நிலையம். செவித்திறனும் பேச்சுமொழியும் பயிலும் பட்ட வகுப்பு மாணவர்கள், வெளியூர்க் கல்லூரியிலிருந்து முறைவைத்து அங்கே பயிற்சிக்கு வருகின்றனர். அன்று இருவர் இருந்தனர்: உசிலம்பட்டிப் பக்கத்து மாணவி ஒருத்தி, இராமநாதபுரத்து மாணவன் ஒருவன். அவர்களுக்குப் பொறுப்பான ஆசிரியை நம்மை ஓர் ஓரமாக அமரச் சொல்லி, "பார்த்துக்கொண்டே இருங்கள், கடைசியில் கேளுங்கள்" என்றார்.

காதை அறிதல்

முதலில் வந்தவர் செல்லூர்ப் பெரியவர் ஒருவர், வயது அறுபத்தெட்டு. நாற்பது ஆண்டுகள் விசைத்தறி ஓட்டியவர். உடன் மனைவியும் வந்திருந்தார்.

மாணவி காதுக்குள் பார்க்கும் விளக்கை எடுத்தாள். பெரியவர்களுக்குக் காது மடலை மேலும் பின்னுமாக இழுக்க வேண்டும். குழந்தைகளுக்குக் கீழ்நோக்கி இழுக்க வேண்டும். அப்போதுதான் உள்வழி நேராகிச் செவிப்பறை தெரியும். விளக்கைப் பிடித்த கையின் விரலொன்று நோயாளியின் கன்னத்தைத் தொட்டபடியே இருத்தல் வேண்டும். அவர் திடுமெனத் தலையை அசைத்தால் கையும் கூடவே அசையும். விளக்கு முனை காதைக் குத்தாது. இச்சிறு பாடத்தைக் கற்ற பின்பே மற்றவை. காதுக் குறும்பி அடைத்திருப்பதையே செவிடென்று எண்ணிக் கருவி மாட்டியவர்களும் உண்டாம்!

அடுத்து, ஒலி புகாத சிற்றறை. காதில் காதொலிப்பான்களை மாட்டிக்கொண்டு, மிக மெல்லிய ஓசை கேட்டாலும் பொத்தானை அழுத்த வேண்டும். 250 ஹெர்ட்ஸ் என்னும் தடித்த ஓசையிலிருந்து 8000 ஹெர்ட்ஸ் என்னும் கூரிய ஓசை வரை ஒவ்வொன்றாய்ச் சோதிக்கின்றனர். வலக்காதுக்குச் சிவப்பு வட்டம், இடக்காதுக்கு நீலப் பெருக்கல்குறி என்று வரைபடத்தில் குறிக்கின்றனர். உலகெங்கும் இதே குறிகள்தாம்.

பெரியவரின் கோடுகள் இடப்பக்கத்தில் ஏறக்குறைய சமமாய் நடந்து, வலப்பக்கம் போகப்போகப் பள்ளத்தில் இறங்கின. 4000 ஹெர்ட்ஸ் அருகே பள்ளம் மிக ஆழம். "இது தறி தோண்டிய பள்ளம்" என்றார் ஆசிரியை. நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகள் நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் வரையே ஓசையை அனுமதிக்கின்றன. நாடா இருபுறமும் ஓயாது அடிபடும் தறிக்கூடங்களில் ஓசை அவ்வளவைத் தாண்டுவது சாதாரணம். உட்செவியின் நுண்ணிய மயிரணுக்கள் அந்த அடியில் மெல்ல மெல்லச் சாகின்றன. செத்தவை மறுபடி முளைப்பதில்லை.

ஆகவே அவருக்குக் குரல் கேட்கிறது, சொல் கேட்பதில்லை. உயிரெழுத்துக்கள் பெரும்பாலும் தடித்த ஓசையுடையவை, வலிமையானவை. ச, த, ட முதலிய மெய்களின் அடையாளமோ கூரிய ஓசையில் மெலிதாய்த் தங்கியிருக்கிறது. பள்ளத்தில் விழுபவை அவையே. "கத்துறது கேக்குது, என்ன கத்துறாகன்னுதான் வெளங்கல" என்று அவரே சொன்னார். இதைவிடத் தெளிவாய் எந்த வரைபடமும் சொல்லவில்லை.

ஐந்து நிமிட அச்சு

கருவி எத்தனை உயர்ந்ததாயினும் காதில் சரியாய்ப் பொருந்தாவிடில் விசிலடிக்கும். உள்ளே செல்ல வேண்டிய ஓசை இடுக்கின் வழியே வெளியேறி, கருவியின் ஒலிவாங்கிக்கே மீண்டும் வந்து சுழல்வதால் எழும் கூச்சல் அது. அதனால்தான் ஒவ்வொரு காதுக்கும் தனி அச்சு எடுக்கின்றனர்.

இப்பணி மாணவனுக்கு வந்தது. நூல் கட்டிய சிறு பஞ்சுத் துண்டைக் காதுக்குள் இரண்டாம் வளைவு தாண்டி அணைபோல் வைத்தான். இரண்டு பசைகளைப் பிசைந்து ஊசியற்ற குழலில் அடைத்து, காதுக்குள் மெல்ல நிரப்பினான். ஐந்து நிமிடம் போல் காத்திருக்க வேண்டும். தாடையை அசைக்கும்போது காதுவழியின் வடிவும் மாறுவதால், இடையில் வாயைத் திறந்து மூடச் சொல்ல வேண்டும். வெளியே எடுத்தபின் காதை மறுபடி விளக்கால் பார்த்து, பஞ்சோ பசையோ தங்கவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். அவன் அச்சை எடுத்த மகிழ்ச்சியில் இந்தக் கடைசிப் பார்வையை மறந்தான். ஆசிரியை ஒன்றும் பேசாமல் விளக்கை எடுத்து அவன் கையில் வைத்தார். அவன் முகம் சிவந்தது. இனி மறக்க மாட்டான் என்று நமக்குத் தோன்றியது.

காதடைத்து ஒரு நடை

நண்பகலில் ஆசிரியை மாணவனிடம் இரண்டு பஞ்சடைப்பான்களைத் தந்தார். ஒவ்வொரு மாணவரும் ஒருநாள் இவற்றை அணிந்து வெளியே சென்று, தேநீர் வாங்கிக் குடித்து, வழி விசாரித்துத் திரும்ப வேண்டுமென்பது அங்கு வழக்கம். "நீங்களும் போய் வாருங்கள்" என்று நமக்கும் இரண்டு தந்தார்.

தமுக்கம் வரை நடந்தோம். கூச்சல் மிகுந்த அதே சாலை திடீரெனத் தள்ளிப்போய்விட்டது. பின்னால் வந்த ஆட்டோ நம் முழங்கையை உரசும்போதுதான் தெரிந்தது. ஓட்டுநர் ஏதோ சொல்லித் திட்டினார்; அவருடைய வாய் மட்டும் தெரிந்தது. தேநீர்க் கடையில் மாணவன் "எவ்வளவு?" என்று கேட்டான். கடைக்காரர் சொன்ன தொகை விளங்கவில்லை. மறுபடி கேட்டான். மூன்றாம் முறை கேட்க அவனுக்குக் கூச்சமாயிற்று. ஒரு பெரிய நோட்டை நீட்டிவிட்டு, மீதியை எண்ணாமலே பையில் போட்டுக்கொண்டான்.

தமிழன்னை சிலையருகே நின்று அடைப்பான்களைக் கழற்றினோம். ஊர் மொத்தமும் ஒரே பாய்ச்சலில் திரும்பி வந்தது. மாணவன் சொன்னான்: "நான் நோட்டை நீட்டின மாதிரிதான் எங்க தாத்தாவும் நீட்டுவாரு. அவருக்குக் கணக்கு மறந்துபோச்சுன்னு வீட்ல சிரிப்போம்."

நாம் பதில் சொல்லவில்லை. பெரியப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது. அரை மணி நேரச் செவிட்டில் நாமே இரண்டு முறை புரியாமல் தலையாட்டிவிட்டோம். ஐந்தாண்டுகள் அப்படியிருந்தவரைப் பிடிவாதக்காரர் என்றோமே!

எண்களும் மனிதரும்

பிற்பகலில் கருவியைப் புரோகிராம் செய்யும் பாடம். செல்லூர்ப் பெரியவருக்கு அச்சு வந்துசேரச் சில நாள் ஆகும். அதுவரை பொதுவான ரப்பர் முனையொன்றைப் பொருத்திச் சோதனையாகச் செய்து காட்டினர்.

முற்காலத்துக் கருவி சட்டைப்பையில் கிடக்கும் பெட்டி. அதிலிருந்து கயிறுபோல் ஒரு கம்பி காதுக்கு ஏறும். எல்லா ஓசையையும் ஏறத்தாழ ஒன்றுபோலவே பெருக்கும். பிற்பாடு காதின் பின்னே அமரும் கருவிகள் வந்தன. சின்னஞ்சிறு திருகாணிகளைத் திருப்பி அவற்றைச் சரிசெய்தனர். 1990-களின் நடுவில் எண்முறைக் கருவிகள் விற்பனைக்கு வந்தபின் திருகாணியின் இடத்தைக் கணினி பிடித்துக்கொண்டது. இப்போது ஒவ்வோர் ஓசைப் பகுதியையும் தனித்தனியே கூட்டலாம், குறைக்கலாம். மெல்லிய பேச்சை அதிகமாகவும், வேட்டுச் சத்தத்தைக் குறைவாகவும் பெருக்குமாறு செய்யலாம்.

எவ்வளவு கூட்டுவது? அதற்குச் சூத்திரங்கள் உண்டு. ஆஸ்திரேலிய நாட்டின் தேசிய ஒலியியல் ஆய்வகம் 1976 முதல் திருத்தித் திருத்தி வெளியிட்டு வருவது அவற்றுள் புகழ்பெற்றது. மாணவி பெரியவரின் வரைபட எண்களைக் கணினியில் இட்டாள். ஒரு பொத்தானை அழுத்தியதும் கருவி தன்னைத் தானே அமைத்துக்கொண்டது. திரையில் கோடும் கோடும் ஒன்றின்மேல் ஒன்று படிந்தன. அவள் முகம் மலர்ந்தது.

"தாத்தா, நல்லாக் கேக்குதா?"

பெரியவர் தலையாட்டினார். "கேக்குது தாயி."

ஆசிரியை எழுந்து வந்தார். ஒரு தாளால் தம் வாயை மறைத்துக்கொண்டு, சாதாரணக் குரலில், "மழை வருமா, வராதா?" என்று கேட்டார். பெரியவர் மறுபடியும் தலையாட்டினார்.

அறையில் சற்று நேரம் எவரும் பேசவில்லை. பிறகு ஆசிரியை மாணவியிடம் மெதுவாகச் சொன்னார்: "காது கேளாதவர் வாழ்நாளெல்லாம் செய்து பழகியது தலையாட்டுவது. 'ஆமாம்' என்று பதில் வரக்கூடிய கேள்வியை இங்கே கேட்காதே. என்ன கேட்டது என்று அவரையே சொல்லச் சொல்."

மாணவி பெரியவர் முன் அமர்ந்து மறுபடி கேட்டாள். இம்முறை அவர் தயங்கித் தயங்கி உண்மையைச் சொன்னார்: "கோவிச்சுக்காத தாயி. ஒன் கொரலு தகரக் கொட்டகை மேல மழை பெஞ்ச மாதிரி இருக்கு."

அப்போதுதான் உண்மையான பாடம் தொடங்கியது. மெல்லிய ரப்பர்க் குழலொன்றைக் காதுக்குள் ஏறக்குறைய 28 முதல் 30 மில்லிமீட்டர் வரை செலுத்தி, செவிப்பறையருகே வந்து சேரும் ஓசையை நேராகவே அளந்தனர். கணினி கணக்கிட்டுக் காட்டியது ஒன்று. இந்தக் காதில் உள்ளபடி இருப்பது வேறொன்று. கூரிய ஓசைப் பகுதியில் இன்னும் கூட்ட வேண்டுமென்றது அளவை. ஏற்கெனவே கூர்மை தாங்கவில்லை என்றார் பெரியவர். யார் சொல்வது சரி?

"இருவர் சொல்வதும் சரி" என்றார் ஆசிரியை. பல ஆண்டுகளாகக் கூரிய ஓசையைக் கேளாத மூளைக்கு, அது திரும்பி வரும்போது எரிச்சலாகவே இருக்கும். அளவைக்குப் பணிந்து முழுவதும் கூட்டினால் அவர் கருவியைக் கழற்றிவிடுவார். அவருக்குப் பணிந்து குறைத்தே வைத்தால் சொல் ஒருபோதும் விளங்காது. ஆகவே இன்று சற்றுக் குறைத்து, இரண்டு வாரம் கழித்துக் கொஞ்சம் ஏற்றி, மீண்டும் ஏற்றி, படிப்படியாய் அளவைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். "கருவியை விற்பதற்கு ஒருநாள் போதும், பொருத்துவதற்கு மாதங்கள் வேண்டும்" என்றார்.

"வர்றோம்", "வரலை"

பெரியவரின் மனைவி அப்போது ஒரு செய்தி சொன்னார். மகன் திருப்பூரில் வேலை. பொங்கலுக்கு முன் போனில் பேசினான். பெரியவர்தாம் எடுத்தார். "பொங்கலுக்கு வர்றோம்" என்று அவர் காதில் விழுந்தது. பேரனுக்குக் கரும்பு வாங்கி, கறி எடுத்து, இரவு வரை வாசலில் உட்கார்ந்திருந்தார். மகன் சொன்னது "வரலை" என்று மறுநாள்தான் தெரிந்தது. அன்று முதல் அவர் போனைத் தொடுவதே இல்லையாம்.

இது தமிழர்க்கே உரிய ஒரு துன்பம் என்று நமக்கு ஆசிரியை விளக்கினார். நம் மொழியில் சொல்லின் உயிர்நிலை அதன் இறுதியில் இருக்கிறது. வந்தவர் ஆணா பெண்ணா, மரியாதைக்குரியவரா, வந்தாரா வரவில்லையா என்பதையெல்லாம் வினைமுற்றின் கடைசியில் வைக்கிறோம். வினைமுற்றையோ வாக்கியத்தின் கடைசியில் வைக்கிறோம். பேசுவோர் குரல் தாழ்வதும் அதே இடத்தில்தான்! வந்தான், வந்தாள், வந்தார் என்னும் மூன்றுக்கும் வேறுபாடு ஒரு மெல்லிய மெய்யெழுத்தே. வினைச்சொல் இறுதியில் வரும் மொழிகளைப் பேசுவோர்க்கு மெல்லிய ஓசையைச் சற்று அதிகமாகப் பெருக்கித் தர வேண்டும் என்று கனடா நாட்டுச் செவித்திறன் வல்லுநர் மார்ஷல் சேசின் எழுதியிருக்கிறார். ஆஸ்திரேலியச் சூத்திரமோ, பேசும் மொழி சீனம் போன்ற தொனி மொழியா, அல்லவா என்று மட்டுமே வினவுகிறது. தமிழ்க் காதின் தேவையைத் தமிழறிந்த மாணவரே அறிந்து சேர்க்க வேண்டும்.

எழுத்துக்கள் நாவிலும் அண்ணத்திலும் பிறக்கும் முறையைத் தொல்காப்பியம் பிறப்பியல் என்று தனி இயலாகவே வகுத்தது. அவை செவியில் எவ்வாறு இறக்கின்றன என்பதை அறிவது இப்பிள்ளைகளின் கல்வி என்று நாம் எண்ணிக்கொண்டோம்.

இந்தக் கல்வி நம் நாட்டுக்கு வந்து நெடுங்காலம் ஆகவில்லை. அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் மைசூரில் 1965-ல் நிறுவப்பட்டது. அதையொட்டி பம்பாயிலும் பட்டப்படிப்பு தொடங்கியது. மைசூர் மாணவர்களின் ஆய்வுகளின் வழியே 1970-களில் தமிழிலும் சோதனைச் சொற்பட்டியல் உருவாயிற்று. 1981 முதல் நடுவண் அரசின் உதவித் திட்டத்தில் ஏழை எளியோர்க்குக் கருவிகள் வழங்கப்படுகின்றன. 1992-ல் இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டம் இயற்றப்பட்டு, பயிற்சியும் பதிவும் ஒழுங்குக்கு வந்தன. பட்டப்படிப்பு நான்காண்டு, அதில் ஓராண்டு முழுவதும் நேரடிப் பயிற்சி. உலகில் ஏதேனும் ஓரளவு செவித்திறன் குறைந்தோர் 150 கோடிக்கு மேற்பட்டவர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ல் கணித்தது. அவர்களுள் சுமார் 43 கோடிப் பேருக்குச் சிகிச்சையோ கருவியோ பயிற்சியோ தேவை. கருவியைத் தொழிற்சாலை செய்து குவிக்கலாம். பொருத்தத் தெரிந்த கைகளை அவ்விதம் செய்ய முடியுமா?

தொட்டிற்பிள்ளையின் செவி

மாலையில் ஓர் இளந்தாய் பதினொரு மாதக் குழந்தையுடன் வந்தாள். கைதட்டினால் திரும்புகிறதே என்று வீட்டார் இதுவரை இருந்துவிட்டனராம். ஆசிரியை குழந்தையின் பின்னே நின்று, காற்று படாமலும் நிழல் விழாமலும் ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் என்னும் ஆறு ஒலிகளை ஒவ்வொன்றாய் எழுப்பினார். டேனியல் லிங் என்னும் அறிஞர் வகுத்த எளிய சோதனை இது. பேச்சின் தடித்த ஓசை முதல் கூரிய ஓசை வரை இந்த ஆறிலும் அடங்கிவிடுகிறது. குழந்தை ஆவுக்கு மட்டும் கண்ணிமைத்தது.

பிறந்த ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி செய்தல், ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் என்பது உலகம் ஏற்ற நெறி. உறங்கும் குழந்தைக்கே வலியின்றிச் செய்யும் சோதனைகள் இன்று உள்ளன. மொழியைக் கற்கும் மூளை காத்திருப்பதில்லை. கருவியால் பயனில்லாத அளவுக்குச் செவித்திறன் குன்றிய சிறுபிள்ளைகளுக்கு, உட்செவியில் மின்கருவி பதிக்கும் அறுவைச் சிகிச்சை தமிழக அரசின் காப்பீட்டுத் திட்டத்தில் செய்யப்படுகிறது.

"மாப்பிள்ளை சொந்தமா?" என்று ஆசிரியை தணிந்த குரலில் கேட்டார். தாய்மாமனே என்றாள் அவள். நெருங்கிய உறவில் மணம் செய்வோரின் பிள்ளைகளுக்குப் பிறவிச் செவிடு நேரும் வாய்ப்பு கூடுதல் என்பது மருத்துவம் அறிந்த உண்மை. உறவல்லாதார் பிள்ளைகளுக்கும் அது வருவதுண்டு. ஆசிரியை அவளைக் குற்றம் சாட்டவில்லை. "இனி நடக்க வேண்டியதைப் பார்ப்போம்மா. நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதித் தர்றேன்" என்றார். அந்தத் தாய் அழுது முடிக்கும் வரை மாணவி அவள் கையைப் பற்றிக்கொண்டிருந்தாள். இதற்கு எந்தக் கணினியும் பாடம் சொல்லித் தராது.

டப்பா திறந்தது

நாம் கொண்டுபோன டப்பாவை அன்று காட்டினோம். பழைய எண்முறைக் கருவி. அதற்குரிய இணைப்புக் கம்பியை வரவழைத்து வைப்பதாக ஆசிரியை சொன்னார். மூன்று வாரம் கழித்து மறுபடி வைகையைக் கடந்தோம்.

செல்லூர்ப் பெரியவர் அன்று தம் சொந்த அச்சுடன் அமர்ந்திருந்தார். குழாய் சொட்டும் ஓசை தூங்கவிடவில்லை, கழற்றிவிட்டுத்தான் படுத்தேன் என்றார். கோரிப்பாளையத்தில் பஸ் ஒலிப்பான் நெஞ்சில் குத்துகிறது என்றார். மாணவி ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டு, பெருத்த ஓசைக்குச் சற்றுக் கட்டுப்பாடு போட்டாள். கூரிய ஓசையை ஒரு படி ஏற்றினாள்.

"மகன் போன் பண்ணினாரா தாத்தா?" என்று கேட்டாள், பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு, "என்ன சொன்னாரு?" என்று திருத்திக் கேட்டாள்.

"தீபாவளிக்கு வரலையாம். 'வரலை'ன்னான். தெளிவாக் கேட்டுச்சு" என்றார் பெரியவர். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தமும் இருந்தது, வெற்றியும் இருந்தது.

பின்பு நம் டப்பாவின் முறை. புதிய பேட்டரியிட்டு, கம்பியால் கணினியோடு இணைத்தார் ஆசிரியை. திரையைச் சற்று நேரம் பார்த்தபின் சொன்னார்: "இதில் அவருடைய வரைபட எண்கள் ஏறவே இல்லை. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கிறது." இன்னொரு பக்கத்தைத் திறந்தார். கருவி எவ்வளவு நேரம் அணியப்பட்டது என்பதை அதுவே தன்னுள் குறித்து வைத்திருக்குமாம். "நானூறு மணி நேரத்துக்கு மேல் போட்டிருக்கிறார்."

நாம் மனத்துக்குள் வகுத்துப் பார்த்தோம். நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் என்றால் ஐம்பது நாள். தமக்குச் சற்றும் பொருந்தாத ஓசையைக் காதில் தாங்கிக்கொண்டு, பிள்ளைகள் சேர்த்துத் தந்த பணத்துக்கு மரியாதையாக, அந்த முதியவர் ஐம்பது நாள் காலை முதல் மாலை வரை முயன்றிருக்கிறார். பிறகே கழற்றினார். அப்போதும் நம்மைக் குறை சொல்லவில்லை. பிடிவாதம் யாருடையது?

கருவியை நிலையத்திலேயே விட்டு வந்தோம். வேறொருவரின் எண்களை ஏற்றி, அவர் காதுக்குப் புதிய அச்சு எடுத்துப் பொருத்த முடியும் என்றார்கள். மாணவி அதைத் துடைத்து, உறையில் இட்டு, எதிர்காலப் பயனாளிக்கென்று எழுதி வைத்தாள்.

திரும்பும் வழியில் பாலத்தின் நடுவே சிறிது நின்றோம். கீழே வைகை மணலாய்க் கிடந்தது. தல்லாகுளத்துச் சாலையின் இரைச்சல் காற்றில் வந்துகொண்டேயிருந்தது. அதைக் கேட்டுக்கொண்டிருப்பதே ஒரு செல்வமென்று அன்றுதான் உணர்ந்தோம்.

அன்பு வாசகர்களே, உங்கள் இல்லத்து அலமாரியிலும் இப்படியொரு டப்பா இருக்கக்கூடும். இருந்தால், அதன் சொந்தக்காரரைக் கடியாதீர்கள். அவரையும் டப்பாவையும் அழைத்துக்கொண்டு, பொருத்தத் தெரிந்தவரிடம் செல்லுங்கள். ஒரு முறையோடு நிறுத்தாமல் மீண்டும் மீண்டும் செல்லுங்கள். வழியில் அவரிடம் "கேட்கிறதா?" என்று கேட்க வேண்டாம், என்ன கேட்கிறது என்று கேளுங்கள். பிறகு, அவர் சொல்லி முடிக்கும் வரை காத்திருங்கள்.